பித்தளைப் பாத்திரத்துப் பாலும் பிஞ்சு ஈரலும்: தாமிரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை வயது இருக்கும். அதுவரை நன்றாக வளர்ந்து வந்த பிள்ளைதான். கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் சிணுங்கல், லேசான காய்ச்சல் வந்து வந்து போகிறது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வருகிறது. மருத்துவர் வயிற்றில் கைவைத்து அழுத்தினால், வலது விலாவுக்குக் கீழே ஈரல் கெட்டியாக, ஓரம் கூராகத் தட்டுப்படும். அந்த ஓரத்தைத் தொட்டதுமே அந்தக் காலத்துக் குழந்தை மருத்துவர்களுக்கு நோய் இன்னதென்று புரிந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், கால் வீக்கம், ரத்தப்போக்கு. காமாலை கண்ட பிறகு பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை.

இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் நோய் இது. சிரோசிஸ் என்றால் ஈரல் தழும்பேறி இறுகிப்போவது. 1887-ல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் முதன்முதலில் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடங்கள், இந்தியாவில் சின்னக் குழந்தைகளின் உயிரைக் குடித்த ஈரல் நோய்களில் இது முன்வரிசையில் இருந்தது. 1990-களின் முடிவில் பார்த்தால் நோய் ஏறக்குறைய இல்லை. தடுப்பூசி எதுவும் வரவில்லை. சமையலறையில் பாத்திரம் மாறியது. தாமிரம் என்ற ஒரு சத்து மனித உடலில் எப்படி வேலை செய்கிறது, எங்கே தடம் புரள்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நூறு வருடக் குழப்பம்

நோய் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வரும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள்தான் அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கூடுதலாக வந்தது. பட்டினி கிடந்த வீடுகளைவிட, பசு வைத்திருந்த, ஓரளவு வசதியான, பெரும்பாலும் கிராமப்புற வீடுகளில் அதிகம் காணப்பட்டது. தெற்கே பிராமணக் குடும்பங்களிலும் வடக்கே வணிகச் சமூகங்களிலும் கூடுதல் என்று பழைய அறிக்கைகள் சொல்கின்றன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரும். மூன்று, நான்கு பிள்ளைகளை வரிசையாக இதே நோய்க்குப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஈரல் குலைக்கட்டி என்று பேர். சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யாவின் 'லிவர் க்யூர்' பல தலைமுறைக்குத் தெரிந்த மருந்து. குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே அது பேர் வாங்கியது. ஒரு நோய்க்காகத் தனியே மருந்துக் கம்பெனி வளர்ந்தது என்றால், எத்தனை வீடுகளில் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் தேடியவர்கள் எல்லாத் திசையிலும் தேடினார்கள். வைரஸ் என்றார்கள், ஊட்டக்குறைவு என்றார்கள், உறவுக்குள் திருமணம் செய்வதால் வரும் பரம்பரைக் கோளாறு என்றார்கள். மைசூரில் பூஞ்சை பிடித்த கடலை மாவைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஈரல் கெட்டதை 1971-ல் ஒரு குழு எழுதியபோது, அந்தப் பூஞ்சையின் அஃப்லாடாக்ஸின் நஞ்சுதான் காரணமோ என்ற சந்தேகமும் வந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொருத்தம் இருந்தது. ஆனால் எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.

சாயம் காட்டிக்கொடுத்தது

1970-களின் பிற்பகுதியில்தான் திருப்பம். ஈரல் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி ஆர்சீன் என்ற சாயம் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். ஹெபடைடிஸ் பி வைரஸின் தடயத்தைக் காட்டவும் அந்தச் சாயம் உதவும். இந்தக் குழந்தைகளின் ஈரலில் அதை ஏற்றியபோது, செல்லுக்குள் கரும்பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய மணிகள் தெரிந்தன. அவை வைரஸ் இல்லை. தாமிரத்தைக் கட்டிவைத்திருக்கும் புரதம். லண்டனில் போர்ட்மன், டானர் முதலியோர் இதை 1978-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மறுவருடமே ஈரலின் தாமிர அளவு வெளியாயிற்று. பாப்பரும் அவருடன் டெல்லியைச் சேர்ந்த என்.சி.நாயக்கும் எழுதிய கட்டுரையும் அதே 1979-ல் அதே இதழில் வந்தது.

பெரியவர்களின் ஈரலில், உலர்ந்த திசு ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராம் தாமிரம் வரை இருந்தால் சரி. வில்சன் நோயில் இது 250-ஐத் தாண்டும். உடலிலிருந்து தாமிரத்தை வெளியேற்ற முடியாத பரம்பரை நோய் அது. இந்தக் குழந்தைகளிடம் பல நூறிலிருந்து சில ஆயிரம் மைக்ரோகிராம் வரை இருந்தது. மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைகளின் ஈரலில் அவ்வளவு உலோகம்.

அப்போ இதுவும் வில்சன் நோயின் ஒரு வகையோ என்று கேட்கத் தோன்றும். இல்லை. வில்சன் நோயில், ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் பெரும்பாலும் குறைந்திருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு அது சரியாகவோ கூடுதலாகவோ இருந்தது. கண்ணின் கருவிழியைச் சுற்றி விழும் தாமிர வளையமும் இல்லை. ஆக, தாமிரம் வெளியேயிருந்து வந்திருக்க வேண்டும்.

புனேயில் பால் பாத்திரம்

புனே கே.இ.எம். மருத்துவமனையில் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே இருவரும், இங்கிலாந்திலிருந்து ஸ்டூவர்ட் டானரும் சேர்ந்து செய்த வேலைதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. அவர்கள் தாய்மார்களிடம் போய் உட்கார்ந்து, குழந்தைக்கு எப்போது மேல்பால் கொடுக்க ஆரம்பித்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள், எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். நோய் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் அக்கம்பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். நோய் வந்த வீடுகளில் தாய்ப்பால் சீக்கிரமே நின்று, பசும்பாலோ எருமைப்பாலோ ஆரம்பமாகியிருந்தது. அந்தப் பால் செம்புப் பாத்திரத்திலோ, தாமிரமும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பாத்திரத்திலோ காய்ச்சப்பட்டிருந்தது. 1983-ல் வந்த அவர்களுடைய லான்செட் கட்டுரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தாமிரம் கலந்த பால், அதுவும் சின்ன வயதிலேயே.

அந்த வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. காலையில் கறந்த பால் பித்தளைப் பாத்திரத்தில் பொங்கக் காய்ச்சப்படும். ஃப்ரிட்ஜ் கிடையாது. பால் கெடாமல் இருக்க அதே பாத்திரத்தில் மூடிவைத்து, இரண்டு மூன்று தடவை மறுபடி சுடவைப்பார்கள். குழந்தை அழும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சர்க்கரை சேர்த்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும், பாத்திரத்தில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் இறங்கும். பாலில் உள்ள கேசீன் புரதம் தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும். ஓனீலும் டானரும் 1989-ல் இதைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டினார்கள்: பித்தளையிலிருந்து பால் தாமிரத்தை வாங்கிக்கொள்கிறது, அது கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது.

பித்தளையில் புளி வைக்கக் கூடாது, மோர் ஊற்றக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். களிம்பேறிவிடும். பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும், நாக்கிலும் தெரியும். அதற்காகத்தான் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவார்கள். தெருவில் துருத்தி வைத்து, கரி மூட்டி, பாத்திரத்தைச் சுடவைத்து நவச்சாரம் போட்டுத் தேய்த்து, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் வழித்துப் பூசுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை உணவு தாமிரத்தைத் தொடாது. தேய்ந்துபோனால் மறுபடி பூச வேண்டும். பால் புளிப்பில்லை, களிம்பு காட்டாது, நிறம் மாறாது. அதனால் பால் பாத்திரத்துக்கு ஈயம் தேய்ந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சமையலறை அறிவு இந்த விஷயத்தில் தோற்றதற்கு அந்தத் தாய்மார்களைக் குறைசொல்ல முடியாது. அறிகுறியே இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

வேண்டிய சத்து எப்படி நஞ்சாயிற்று

தாமிரம் இல்லாமல் நாம் உயிரோடு இருக்க முடியாது. செல்லுக்குள் மூச்சுக்காற்றைக் கொண்டு உணவை எரித்துச் சக்தி எடுக்கும் கடைசிப் படியில் நிற்கும் என்சைமுக்குத் தாமிரம் வேண்டும். ரத்தக்குழாயும் எலும்பும் உறுதியாக இருக்க கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் பின்னும் என்சைமுக்கு வேண்டும். தோலுக்கும் முடிக்கும் கருநிறம் தரும் மெலனின் உண்டாகவும் தாமிரம் வேண்டும். இரும்பைக்கூடத் தாமிரம் இல்லாமல் உடல் சரியாகக் கையாளாது. 1928-ல் விஸ்கான்சினில் ஹார்ட், ஸ்டீன்பாக், எல்வெஜெம் முதலியோர் எலிகளை வைத்து, ரத்தச்சோகை தீர இரும்பு மட்டும் போதாது, தாமிரமும் வேண்டும் என்று காட்டினார்கள்.

ஆனால் அளவு ரொம்பச் சின்னது. வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுக்கச் சேர்த்தால் சுமார் 100 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்கப் பரிந்துரைப்படி பெரியவருக்கு ஒரு நாளைக்கு 0.9 மில்லிகிராம் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.2 மில்லிகிராம். வேர்க்கடலை, எள், பருப்பு, முந்திரி, ஆட்டு ஈரல் எல்லாவற்றிலும் இருப்பதால் சாதாரணமாகச் சாப்பிடும் யாருக்கும் இது தட்டுப்படாது. மிஞ்சிய தாமிரம் சிறுநீரில் போவதில்லை. ஈரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பி, மலத்தில் வெளியேற்ற வேண்டும். அந்த ஒரு வாசல்தான்.

பிறந்த குழந்தைக்கு அந்த வாசல் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கருவில் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து தாமிரம் வாங்கி ஈரலில் சேர்த்துவைத்துக்கொண்டுதான் குழந்தை பிறக்கிறது. பெரியவரின் ஈரலில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில், மெட்டல்லோதயோனின் என்ற புரதத்துக்குள் பத்திரமாக இருக்கும். முதல் சில மாதங்களுக்கு அதுவே சேமிப்பு. தாய்ப்பாலில் தாமிரம் குறைவு, பசும்பாலில் அதைவிடக் குறைவு. சேமிப்பு இருப்பதால் அது ஒரு குறையில்லை. பித்தம் வழியாக வெளியேற்றும் வேலை மாதங்கள் போகப் போகத்தான் முதிரும். ஏற்கெனவே நிறைந்திருக்கும், வெளியேற்றத் தெரியாத அந்த ஈரலுக்கு மேலே பித்தளைப் பால் வந்து விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாமிரம் இறங்கிய பாலில் தினமும் அரை லிட்டர் குடித்தால் 1 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்குத் தேவையானதைப்போல் ஐந்து மடங்கு, நாள் தவறாமல். அப்பா அம்மா அதே பாலில் காப்பி குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருப்பார்கள்.

இதே பாலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெருவின் லிமாவில், கடுமையான ஊட்டக்குறைவிலிருந்து தேறிவந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பாலையே உணவாகக் கொடுத்து வளர்த்தார்கள். அவர்களில் சிலருக்கு இரும்பு கொடுத்தும் தீராத ரத்தச்சோகை, வெள்ளணுக் குறைவு, எலும்புக் கோளாறு. கார்டனோ, பேர்ட்ல், கிரஹாம் மூவரும் 1964-ல் அது தாமிரக் குறைவு என்று எழுதினார்கள். மனிதரில் உணவால் வந்த தாமிரக் குறைவைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று. லிமாவில் சேமிப்புக் கரைந்த குழந்தைக்குப் பாலில் இருந்த தாமிரம் போதவில்லை. புனேயில் சேமிப்பு நிறைந்த குழந்தைக்குப் பால் வழியாகவே தாமிரம் கொட்டப்பட்டது. தாமிரம் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், நான் இந்த இரண்டு ஊர்களைத்தான் சொல்வேன்.

மாற்றிப் பார்த்தபோது

தொடர்பு இருக்கிறது என்று சொல்வது ஒன்று, காரணம் என்று நிறுவுவது வேறு. புனே குழு அதற்கும் முயன்றது. நோய் வந்த குழந்தைகளின் வீடுகளில், அடுத்துப் பிறந்த பிள்ளைகளுக்குப் பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள். மாவட்டத்திலும் பிரசாரம் செய்தார்கள். வரிசையாகப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த குடும்பங்களில் அடுத்த பிள்ளைகளுக்கு நோய் வரவில்லை, மாவட்டத்திலும் குறைந்தது. 1992-ல் இதை வெளியிட்டார்கள்.

சிகிச்சை இன்னொரு சாட்சி. பெனிசிலமைன் என்ற மருந்து தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். வில்சன் நோய்க்கு 1950-களிலேயே ஜான் வால்ஷ் கொண்டுவந்த மருந்து அது. இந்தக் குழந்தைகளுக்கு, காமாலை வருவதற்கு முன்பே கொடுத்தால், பலர் பிழைத்தார்கள். அவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 1996-ல் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: தேறிய குழந்தைகளுக்கு மருந்தை நிறுத்திய பிறகும் நோய் திரும்பவில்லை. வில்சன் நோயாளி மருந்தை நிறுத்தினால் தாமிரம் மறுபடி சேரும். இந்தக் குழந்தைகளுக்குச் சேரவில்லை, ஏனென்றால் வெளியே இருந்த ஊற்று அடைபட்டுவிட்டது. சிலருடைய ஈரல் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. சிரோசிஸ் என்றால் திரும்பாது என்று படித்து வளர்ந்த மருத்துவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தியாக இருந்திருக்கும்!

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை

1979-ல் தாமிரம் பற்றி எழுதியவர்களில் ஒருவரான நாயக்கே பின்னாளில் இந்த முடிவைக் கேள்வி கேட்டார். 2013-ல் சிட்டாலேயுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பாத்திரத்துத் தாமிரம்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வாதாடினார். எதிர்த்தரப்பில் இன்னொரு வலுவான சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், குடிநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் மேல் தாமிரம் இருந்த மூன்று ஊர்களை ஷைன்பெர்க்கும் ஸ்டெர்ன்லீபும் ஆராய்ந்து 1994-ல் எழுதினார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஈரல் நோயால் இறந்ததாக ஒருவர்கூட இல்லை.

அப்படியானால் தாமிரம் மட்டும் போதாது. ஒரே தெருவில் எல்லா வீட்டிலும் பித்தளைப் பாத்திரம் இருந்தும் சில வீடுகளில்தான் பிள்ளைகள் இறந்தார்கள். இதற்கு விடை ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலிருந்து பாதி கிடைத்தது. அங்கே 1900-லிருந்து 1974 வரை 138 குழந்தைகள் இதேபோன்ற ஈரல் நோயில் இறந்திருக்கிறார்கள். பசும்பாலை நீர் கலந்து, சர்க்கரை போட்டு, பூச்சில்லாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். முல்லரும் அவருடைய குழுவும் குடும்ப மரங்களை வரைந்து பார்த்து, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் ஒரு பரம்பரைக் குறை இருந்த பிள்ளைகள்தான் இறந்தார்கள் என்று 1996-ல் முடிவுசெய்தார்கள். பாத்திரம் மாறியதும் அங்கேயும் நோய் நின்றது. எந்த ஜீன் என்பது தெரியவில்லை. வில்சன் நோயின் ஜீன் இல்லை. பெட்லிங்டன் டெரியர் நாய்களுக்குத் தாமிர நஞ்சேற்றும் ஜீனையும் சோதித்தார்கள், அதுவும் இல்லை.

என் கணிப்பு இதுதான். பரம்பரைக் குறை, சின்ன வயது, தாமிரப் பால் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டில்தான் நோய் வந்தது. மூன்றில் நம் கையால் நீக்க முடிந்தது பால் பாத்திரம். அதை நீக்கியதும் மற்ற இரண்டும் இருந்தும் பிள்ளைகள் பிழைத்தார்கள். நாயக்கின் கேள்விகளை மதிக்கிறேன், ஆனால் இந்தியாவும் டிரோலும் ஒரே மாதிரி நடந்துகொண்டதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

நாடு முழுக்க நோய் மறைந்ததற்குப் பிரசாரம் மட்டும் காரணமில்லை. எவர்சில்வர் வந்தது. தேய்க்கச் சுலபம், ஈயம் பூச வேண்டாம், விலையும் கட்டுப்படியாயிற்று. பித்தளை அடுக்குகள் பரண்மேல் ஏறின, பழைய பாத்திரக் கடைக்குப் போயின. தங்கள் குழந்தையின் ஈரலைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலேயே லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைச் செய்தன.

இப்போது செம்பு திரும்பி வந்திருக்கிறது

செம்புத் தண்ணீர் பாட்டில், பித்தளைச் சமையல் பாத்திரம் எல்லாம் மறுபடி விற்கின்றன. தண்ணீரைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியதில்லை. பெங்களூருவில் 2012-ல் நடந்த ஆய்வில், கிருமி கலந்த நீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபோது காலரா, ஷிகெல்லா, சால்மொனெல்லா, ஈ.கோலை கிருமிகள் அழிந்தன. நீரில் இறங்கிய தாமிரம் லிட்டருக்கு சுமார் 0.18 மில்லிகிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். ஆனால் அந்த எண் சாதாரணத் தண்ணீருக்கு. அதே பாட்டிலில் எலுமிச்சை ஜூஸோ மோரோ ஊற்றினால் கணக்கு வேறு. வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புத் தண்ணீரையே தவிர்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு என்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் தாங்களே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்லில் மெட்டல்லோதயோனின் பெருகி, உணவில் வரும் தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செல் உதிரும்போது அதுவும் போய்விடும். அமெரிக்காவில், பல்செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தால் தாமிரம் வற்றி, ரத்தம் குறைந்து, கால் மரத்து நடக்க முடியாமல் போனவர்களைப் பற்றி 2008-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தச்சோகையும் கால் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால், ரத்தத்தில் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். பால் காய்ச்ச, பால் வைக்க, பால்மாவு கலக்கும் தண்ணீரைச் சேமிக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான். பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் சமைக்க ஆசைப்பட்டால், உள்ளே ஈயப்பூச்சு முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிபோல் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்த்தால், மறுபடி பூசும்வரை அதில் பால் வேண்டாம், புளியும் வேண்டாம்.